ஒரு கை அளவு தண்ணீர்

அன்று காலை தண்ணீர் குறையவில்லை.

குறைந்திருந்தால்தானே கவலைப்பட வேண்டும், குறையாததற்கு என்ன வந்தது என்று யாருக்கும் தோன்றும். அவனுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. மீன்தொட்டிக்குக் கீழே இருந்த மரக் கதவைத் திறந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையில் செல்போன் வெளிச்சமும் மறு கையில் தண்ணீர்க் குவளையுமாக, உள்ளே இருந்த வடிகட்டித் தொட்டியின் கடைசி அறைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த சிவப்பு டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். தினமும் விடிந்தால் தண்ணீர் கொஞ்சம் ஆவியாகி அந்த டேப்புக்குக் கீழே இறங்கிக் கிடக்கும். ஒரு குவளை ஊற்றுவான், மட்டம் டேப்பின் கீழ் விளிம்பைத் தொடும், எழுந்து பல் தேய்க்கப் போவான். இன்று அது டேப்பின் மேல் விளிம்பில் நின்றது. ஊற்றாத தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று குவளையைப் பார்த்தான். குவளை நிறைந்தே இருந்தது.

அந்த மீன்தொட்டி வரவேற்பறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே சுவர் மாதிரி நின்றது. ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கும் நீளம். உள்ளே மீன்களைவிடச் செடிகள்தான் அதிகம். தரை முழுக்கக் குட்டைப் புல், பின்னால் நாடா போல நீண்ட இலைகள், ஒரு மரக்கட்டையில் படர்ந்த பாசி. அத்தனை பெரிய தொட்டிக்குக் கடையில் விற்கும் வடிகட்டி தாங்காது என்று, கீழே வைக்க அவனே ஒரு சம்ப் செய்தான். சம்ப் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை, இன்னொரு சின்னத் தொட்டி, அவ்வளவுதான். மேலே நிறைந்து வழியும் தண்ணீர் மூலையிலுள்ள குழாய் வழியாகக் கீழே இறங்கும். தடுப்புக் கண்ணாடிகளைத் தாண்டி அறை அறையாகப் போகும். போகிற வழியில் அழுக்கைப் பஞ்சில் விட்டுவிடும். கடைசி அறையில் இருக்கும் மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். மேல் தொட்டி எப்போதும் விளிம்பு வரை நிறைந்தே இருக்கும். மொத்தத் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் அது அந்தக் கடைசி அறையில்தான் தெரியும்.

அதைச் செய்து முடிப்பதற்குள் வீடு பட்ட பாடு சொல்லி மாளாது. தரையெல்லாம் கண்ணாடித் துண்டு, கதவுப் பிடியெல்லாம் சிலிக்கான் பசை. வடிகட்டும் அறையை நிரப்பப் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார்தான் மலிவு என்று யாரோ சொல்லக் கேட்டு, தெருவில் இருந்த கடைகளில் ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு வந்தான். அவன் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், எதையும் சிரித்துக்கொண்டே சொல்லுகிறவள். ஊரில் ஒரு வீட்டிலும் பாத்திரம் துலங்காது இனிமேல் என்றாள். காலையில் கண் விழித்ததும் அவன் நேராகச் சம்பின் முன்னால் போய் உட்காருவதைப் பார்த்து அதற்குச் சின்ன வீடு என்று பெயரும் வைத்தாள். செடிகளுக்காகத் தண்ணீரில் கலக்கும் கரியமில வாயு வெளியே போய்விடக் கூடாது என்று அவன் சம்புக்கு மூடி போட்டு விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டியபோது, "நல்லா மூடுங்க, யாராவது கூட்டிட்டுப் போயிடப் போறாங்க" என்றாள்.

எல்லாவற்றையும்விட அவனுக்குப் பெருமை அதன் அமைதி. முதலில் குழாய் கொறகொறவென்று தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தது. பல மாலைகள் வால்வைத் துளித் துளியாகத் திருப்பி, காற்றே இல்லாமல் தண்ணீர் மட்டும் இறங்கும்படி செய்துவிட்டான். அதற்குப் பிறகு அது ஓடுவதே தெரியாது. வந்தவர்கள் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்கள்.

மட்டம் பார்ப்பது அவனுக்கு ரத்தத்தில் ஊறியது. குளிர்பான ஆலையில் வேலை. புட்டிகள் வரிசை கட்டிப் போகும்போது எதில் மயிரிழை குறைகிறது, எதில் கூடுகிறது என்று பார்த்து ஒதுக்க வேண்டும். இப்போது அதற்கெல்லாம் இயந்திரம் வந்துவிட்டது, இயந்திரத்தைக் கண்காணிக்க அவன் நிற்கிறான். வீட்டில் இரண்டு டம்ளரில் பால் வைத்தால் எதில் ஒரு சொட்டு கூட என்று சொல்லிவிடுவான். அதனால் அவனுடைய மகள், இன்னும் பள்ளிக்கூடம் போகத் தொடங்காதவள், தன் டம்ளரை எப்போதும் அவனிடம்தான் நீட்டிச் சரிபார்ப்பாள்.

அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. செடி வெட்ட அவன் மேலே தோள் வரை கையை விடும்போது, குட்டி கீழே சம்பின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். கை உள்ளே போனதும் அந்த அளவுத் தண்ணீர் வழிந்து கீழே வரும், கடைசி அறையில் மட்டம் ஏறும். "ஏறுது, ஏறுது" என்று அவள் சொல்லிக்கொண்டே வருவாள். டேப்பின் கீழ் விளிம்பிலிருந்து மேல் விளிம்பு வரை. அவனுடைய ஒரு கைக்குச் சரியாக ஒரு டேப் அகலம். கையை எடுத்தால் இறங்கிவிடும். இதெல்லாம் அந்த வீட்டில் அடுப்பங்கரை விஷயம் மாதிரி எல்லோருக்கும் தெரிந்தது.

அதனால்தான், அந்தக் காலையில், டேப்பின் மேல் விளிம்பில் நின்ற தண்ணீரைப் பார்த்ததும் அவன் மனதில் வந்தது இரவு மழையும் அல்ல, மனைவி தெரியாமல் ஊற்றியிருப்பாளோ என்பதும் அல்ல. தொட்டிக்குள் ஒரு கை இருக்கிறது என்றுதான் வந்தது. எழுந்து நின்று மேலே பார்த்தான். செடிகள் இருந்தன. மீன்கள் இருந்தன. தன்னைத் தானே ஏசிக்கொண்டு, குவளையால் ஊற்றுவதற்குப் பதிலாக இந்தத் தடவை தண்ணீரை மொண்டு எடுத்தான். மட்டம் வழக்கமான இடத்துக்கு வந்தது. மனது வரவில்லை.

மனைவியிடம் கேட்டான். "உங்க சின்ன வீட்டுக்கு நான் எதுக்குத் தண்ணி ஊத்தப் போறேன்? எனக்கு என் வீட்டு வேலையே தலைக்கு மேல கிடக்கு" என்று அவள் கைப்பையைத் தேடிக்கொண்டே போய்விட்டாள்.

மறுநாளும் அதே மேல் விளிம்பு. மொண்டு எடுத்தான். அடுத்த நாளும். வேலையில் புட்டிகள் போய்க்கொண்டிருக்க, அவன் கண் அவற்றில் இருந்தாலும் நினைப்பு சம்பிலேயே கிடந்தது. பஞ்சு அடைத்துக்கொண்டால் கடைசி அறையில் குறையத்தான் செய்யும், ஏறாது. செடி வளர்ந்து இடத்தை அடைக்கலாம், ஆனால் ஒரே இரவில் ஒரு கை அளவுக்கு எந்தச் செடி வளரும்? மோட்டாரை நிறுத்திப் பார்த்தான். மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் இறங்கி, எல்லாம் அசையாமல் நின்றது. அப்போதும் அதே அளவு கூடுதல். எங்கேயும் கசிவில்லை, எங்கேயும் வெளிக் குழாய் இணைப்பில்லை. வெளியிலிருந்து ஒரு சொட்டு வர வழியில்லாத வீட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உட்கார்ந்தால் நிற்க வேண்டும் போலவும் நின்றால் போய்ப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது. ஒரு மாலையில் எத்தனை தடவை அந்த மரக் கதவைத் திறந்து மூடினான் என்று அவனுக்கே தெரியாது.

மூடியைத் தூக்கினால் வழக்கமாக ஈர மண் வாசனை வரும், அவனுக்கு அது பிடிக்கும். இப்போது அதற்குள் வேறொன்றும் கலந்திருந்தது. ஈரத் தலையோடு யாரோ வெகுநேரம் படுத்துத் தூங்கிய தலையணையின் வாசனை.

மனைவிக்கு அந்த வாரம் முழுக்க மாலை வேலை, கடையை மூடிவிட்டு இருட்டிய பிறகுதான் வருவாள். குட்டியைக் காப்பகத்திலிருந்து கூட்டிவந்து வீட்டில் வைத்திருப்பது அவன் பொறுப்பு. அப்படி ஒரு மாலை, குட்டி வரவேற்பறைப் பக்கம் தொட்டியின் முன்னால் தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அவன் மறுபக்கம், சாப்பாட்டு மேசைப் பக்கம், சம்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மட்டம் மேல் விளிம்பில் இருந்தது. மொண்டு எடுக்கக் குவளையை நீட்டினான்.

அவன் கண் முன்னால் தண்ணீர் இறங்கியது. அலையவில்லை, சுழலவில்லை, நிதானமாக, மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புக்கு, அவன் கையை வெளியே எடுக்கும்போது எப்படி இறங்குமோ அப்படி. குவளை அந்தரத்தில் நின்றது. எங்கேயோ தரையில் ஒரு சொட்டு விழும் சத்தம் கேட்டது. இன்னொன்று. தொட்டிக்கு அந்தப் பக்கம்.

"அப்பா, கைய எடு. தாள்ல சொட்டுது."

அவள் சலிப்பாகத்தான் சொன்னாள். அவன் எழுந்தான். கால் மரத்திருந்தது. செடிகளுக்கு ஊடே, தண்ணீருக்கு அந்தப் பக்கம், மகளின் சின்ன முதுகு தெரிந்தது. அவள் தலை நிமிரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சுற்றி ஓடினான். அவள் உச்சி நனைந்திருந்தது. வகிடு எடுத்த இடத்திலிருந்து தண்ணீர் நெற்றி வழியாக ஓடி மூக்கு நுனியில் நின்றது, அதை அவள் புறங்கையால் துடைத்துக்கொண்டு தீட்டிக்கொண்டிருந்தாள். முடி கலைந்திருக்கவில்லை. நன்றாக, இதமாக, ஒரே பக்கமாகத் தடவி விடப்பட்டிருந்தது.

யார் தலையைத் தொட்டது என்று கேட்டான். அவள் நிமிர்ந்து, கிறுக்கனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள். நீதானே, என்றாள்.

அவளை வாரி எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். பயம்தான், வேறு பெயர் சொல்லி ஏமாற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. மனைவி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னான். அவள் குட்டியின் முடியை முகர்ந்து பார்த்துவிட்டு, தொட்டித் தண்ணீர்தான், நாற்காலி போட்டு ஏறிக் கையை விட்டிருப்பாள் என்றாள். நாற்காலி மேசையடியில் இருந்தது என்றான். அவள் சிரிக்கவில்லை, அதுவே அவனுக்கு ஓர் ஆறுதலாக இருந்தது. அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு சொல்லுங்க. சரி, வேணாம்னா எடுத்துடலாம். எனக்கு லீவு வர்ற அன்னிக்கு ரெண்டு பேருமா சேந்து காலி பண்ணிடலாம். மீனை எங்கயாவது விடணுமே, சும்மா கொட்டிட முடியுமா?"

நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததால் ஒப்புக்கொண்டான். பின்னால் அவன் தன்னைச் சபித்துக்கொண்டது இதற்காகத்தான்.

அதன் பிறகு குட்டியை வரவேற்பறைக்கு விடவில்லை. சாப்பாடு, விளையாட்டு எல்லாம் படுக்கையறையில். அவளுக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. தண்ணீரோ இப்போது ஒரு டேப்பில் நிற்கவில்லை. மறுநாள் இரண்டு டேப் அகலம். அதற்கடுத்த நாள் மூடியைத் தொடும் உயரம். வழிந்தால் தரை நனையும், கீழ் வீட்டுக் கூரை ஊறும், அந்த வீட்டுக்காரர் வாயில் விழுந்து எழுந்திருக்க முடியாது. அதனால் குவளையை விட்டுவிட்டு வாளியை எடுத்தான். மொண்டு மொண்டு குளியலறையில் கொட்டினான். மட்டம் டேப்புக்கு வந்ததும்தான் மூச்சு விடுவான். கோட்டுக்கு மேல் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடியாது. அவன் பிழைப்பே அதுதான்.

மேலே பார்ப்பதைத் தவிர்த்து வந்தான். ஆனால் வாளியோடு நிமிரும்போது கண்ணில் படத்தான் செய்தது. மீன்கள் எல்லாம் ஒரு மூலையில், கண்ணாடியோடு கண்ணாடியாக ஒண்டிக் கிடந்தன. நடுவில் யாரும் இல்லை. நடுவில் தரைப் புல் நீளமாக அமுங்கிக் கிடந்தது. பூங்காவில் யாரோ படுத்து எழுந்த இடம்போல. ஒரு முனையில் இரண்டு சின்னப் பள்ளங்கள், குதிகால் ஊன்றியவை. மறுமுனையில் ஒரு வட்டமான பள்ளம்.

எழுந்த இடமல்ல அது. எழுந்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கும்.

கடைசி நாள் மழை. காப்பகத்திலிருந்து நனைந்து வந்த குட்டி சீக்கிரமே தூங்கிப் போனாள். சாயங்கால வெளிச்சம் ஜன்னலில் அழுக்குத் துணி மாதிரி தொங்கியது. சம்பைத் திறந்தபோது தண்ணீர் மூடியின் இடுக்கில் முத்து முத்தாக நின்றது. ஒரு வாளி மொண்டு கொட்டினான். இன்னொரு வாளி. அதைத் தூக்கிக்கொண்டு குளியலறை வாசல் வரை போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

ஒரு கை வந்தபோது ஒரு கைக்கு இடம் கொடுத்தான். இரண்டு கை வந்தபோது இரண்டுக்கும். அதற்கு மேல் வந்தபோதும், தண்ணீரை வழியவிடாமல், தரையை நனையவிடாமல், அது கேட்ட இடத்தையெல்லாம் அவனே வாளி வாளியாக ஒதுக்கிக் கொடுத்திருக்கிறான். இந்த வாரம் முழுக்க வெளியேற்றிய தண்ணீரை மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். அந்தக் கணக்கு அவனுக்குத் தானாக வரும், வேண்டாம் என்றாலும் வரும். ஓர் ஆள். முழுதாக ஓர் ஆள்.

வாளியை அங்கேயே வைத்தான். மீனாவது மண்ணாவது. குட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, மாடிப்படியடியில் நின்று, மனைவி வந்ததும் மூன்று பேருமாக எங்கேயாவது போய்விட வேண்டும். படுக்கையறைக்குள் போனான். ஒரு பையில் கைக்குக் கிடைத்ததைத் திணித்தான். தூங்குகிற பிள்ளையின் காலில் செருப்பை மாட்டினான், ஒன்று ஏறியது, மற்றது ஏறவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

வெளியில், சம்பிலிருந்து. உறிஞ்சும் சத்தம். டம்ளரில் அடிவரை வந்துவிட்ட பிறகும் குழலால் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் வருமே, அது. அப்புறம் அதுவே நீண்டு, கரகரத்து, அலறலாக மாறியது. மோட்டாருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. கடைசி அறை வற்றிவிட்டது.

மேல் தொட்டியில் தண்ணீர் விளிம்புக்குக் கீழே போய்விட்டால்தான் கீழே வழியாது. கீழே வழியாவிட்டால்தான் மோட்டார் வற்றும். மேலே இருந்து ஏதோ பெரிதாக வெளியே வந்தால்தான்.

கதவை மூடித் தாழ்ப்பாள் போட்டான்.

நின்றான். மோட்டார் அலறிக்கொண்டே இருந்தது. அதற்கு அடியில், அதைவிட மெல்லியதாக, தரையில் ஈரம். தப். சற்று நேரம் ஒன்றுமில்லை. தப். நடக்கப் பழகாத கால். வரவேற்பறையில் அது எங்கே இருக்கிறது என்று காதால் பார்த்தான். சோபாவின் அருகே. பிறகு வாசலருகே. வெளிக்கதவும் அந்தப் பக்கம்தான். அதைத் தாண்டாமல் யாரும் இந்த வீட்டை விட்டுப் போக முடியாது. யாரும் உள்ளே வரவும் முடியாது.

யாரும் வரவும் முடியாது.

செல்போனைத் தடவி எடுத்தான். மனைவிக்கு அடித்தான். அவளுடைய போன் மணி அவன் காதில் ஒரு தரமும், மாடிப்படியில் ஒரு தரமும் கேட்டது. படியேறி வந்துகொண்டிருந்தாள். எடுக்கவில்லை, வீட்டு வாசலுக்கே வந்துவிட்டபோது எதற்கு எடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பாள். மணி ஏறி ஏறி வந்து வாசலில் நின்றது. சாவி. உள்ளே வராதே என்று கத்தினான். மழை, மோட்டார், இரண்டும் அதை விழுங்கின. குட்டி தூக்கத்தில் முனகினாள். கடைசியில் மனைவி போனை எடுத்தாள்.

"ஏன் இப்படிக் கத்துறீங்க? வந்துட்டேன், உள்ளதான் நிக்கிறேன்."

"வெளிய போ. கதவத் திறந்துட்டு அப்படியே கீழ போ. பேசாம போ."

"என்ன சத்தம் இது? லைட்டையெல்லாம் ஏன் அணைச்சு வச்சிருக்கீங்க? தரையெல்லாம் ஈரம். மழைக்கோட்டக் கூடக் கழட்டல நான், அப்புறம் எங்க இருந்து..."

நிறுத்தினாள். மூச்சு கேட்டது. அவளுடையது. அப்புறம் மிகவும் தாழ்ந்த குரலில், கடையில் வாடிக்கையாளர் பின்னால் நிற்கும்போது பேசுவதுபோல, "ஏங்க, என் தலையில..." என்றாள்.

அவன் கை தாழ்ப்பாளில் இருந்தது. இழுத்தால் போதும். இரண்டே எட்டு. கட்டிலில் பிள்ளை படுத்திருந்தாள், ஒற்றைச் செருப்போடு. அவளுக்காகத்தான் இழுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த நேரத்தில் அவன் பிள்ளையை நினைக்கவில்லை, மனைவியை நினைக்கவில்லை. அந்த ஈரமான கை தன் தலையில் படக் கூடாது என்று மட்டுமே நினைத்தான். கை அசையவில்லை.

ஒரு நாற்காலி நகர்ந்தது. செல்போன் தரையில் விழுந்தது. அதன் பிறகு தண்ணீர் வாங்கிக்கொள்ளும் சத்தம், மெதுவாக, பெரிதாக, ஒரு பானையை மூழ்கடிக்கும்போது வருவதுபோல.

மோட்டாரின் அலறல் தணிந்தது. முனகியது. நின்றது. தண்ணீர் கிடைத்துவிட்டது. வீடு பழையபடி, அவன் பல மாலைகள் வால்வைத் திருப்பித் திருப்பி உண்டாக்கிய அந்த அமைதிக்குத் திரும்பியது.

உள்ளே போய்விட்டது. அது உள்ளே போய்விட்டது. அவனுக்கு அழுகை வந்தது, நிம்மதியில். அவள் பயந்து படியிறங்கி ஓடியிருப்பாள், கீழ் வீட்டில் நிற்பாள். தாழ்ப்பாளை இழுக்கப் போனான்.

காலில் ஈரம்.

கதவின் அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மெல்லிய படலமாக, ஓசையில்லாமல், கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்தது. இளஞ்சூடாக இருந்தது. அதில் புல்லின் துணுக்குகள் மிதந்தன. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். அது மட்டும் திரும்பிப் போயிருந்தால் கடைசி அறையில் மட்டம் பழைய இடத்துக்கு வந்து நின்றிருக்கும், வழிந்திருக்காது. ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தான். ஓர் ஆளுக்கு மட்டும்.

இன்னும் வந்துகொண்டிருந்தது. நிற்கவில்லை. கணக்கு தானாக வந்தது, வேண்டாம் என்றாலும் வந்தது.

கதவைத் திறந்தான்.

வெளிக்கதவு சாத்தியிருந்தது. சாவி உட்புறம் தொங்கியது. தொட்டியின் விளக்கு மட்டும் எரிந்தது. விளிம்பிலிருந்து தண்ணீர் திரையாக இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே, நாடா இலைகளுக்கு நடுவே, மஞ்சள் மழைக்கோட்டு. கழுத்து வரை பொத்தான் போட்டபடி. தட்டையாக மிதக்கவில்லை. தோள் இருந்தது, மார்பு இருந்தது, மடங்கிய முழங்கை இருந்தது. தொப்பி உருண்டையாக நிறைந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதற்குள் தண்ணீரைத் தவிர ஒன்றுமே இல்லை. தொப்பியின் ஊடே பின்னாலிருந்த செடிகள் பச்சையாகத் தெரிந்தன. மார்புப் பகுதி எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது.

கோட்டின் வெற்றுக் கை ஒன்று மேலே வந்தது. கண்ணாடிக்கு அருகே வந்து நின்றது. உட்புறம் படிந்திருந்த பாசியில், ஒவ்வொன்றாக, ஐந்து சின்ன வட்டங்கள் துலங்கின.

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தான்.

பின்னால், படுக்கையறையிலிருந்து, தூக்கம் கலைந்த குரல். தண்ணீரில் ஒற்றைச் செருப்பின் சளக் சளக்.

"அப்பா, அம்மா வந்தாச்சா?"

மஞ்சள் தொப்பி மெல்ல அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பியது. அதற்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத தண்ணீரில், நாடா இலைகள் இரண்டாக விலகின. அதே பக்கமாக.